பாட்டைக் கண்டுபிடிப்போம், வாருங்கள்!



நயினாதீவு என்றதும் நமக்கு நாகபூசணி அம்மன் கோவில் ஞாபகம் வரும். சிங்களச் சகோதரர்களுக்கு அங்குள்ள நாகதீப விகாரை ஞாபகம் வரும். குறிக்கட்டுவான் துறையிலே இரு சாராரும் ஒரே படகில் ஏறுகிறார்கள். அந்தத் தீவு நமக்கு ஒரு விளையாட்டையும் கற்றுத் தருகிறது. அதுதான் இம்முறை நம் பாடம்.

நயினாதீவிலே நாகமணிப் புலவர் என்றொரு புலவர் இருந்தார். அவர் பாடியது ‘நயினை நீரோட்டக யமக அந்தாதி’. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒரு பாட்டு முடிகிற சொல்லிலே அடுத்த பாட்டு தொடங்கினால் அது அந்தாதி. ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்து வேறு வேறு பொருள் தந்தால் யமகம். உதடு ஒட்டாமலும் குவியாமலும் பாடுவது நீரோட்டகம். ‘அம்மா’ என்று சொல்லிப் பாருங்கள், உதடு ஒட்டும். ‘அக்கா’ என்று சொல்லுங்கள், ஒட்டாது. பார்த்தீர்களா, பெரிய புலவர் பாட்டுக்குள்ளேயும் ஒரு விளையாட்டு!

இலங்கை வானொலியிலே பி.எச். அப்துல் ஹமீத் நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’ நிகழ்ச்சியைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எழுத்தைப் பிடித்துக்கொண்டு பாடும் அதுவும் அந்தாதிக்குச் சொந்தக்காரப் பிள்ளைதான்.

இப்போது நம்ம விளையாட்டுக்கு வருவோம். ஒருவர் மனசுக்குள்ளே ஒரு பாட்டை நினைத்துக்கொண்டு ஐந்து குறிப்புகள் சொல்ல வேண்டும். முதல் குறிப்பிலேயே கண்டுபிடித்தால் 10 புள்ளி. பிறகு 8, 6, 4, 2 என்று குறைந்துகொண்டே போகும். இதோ ஒரு மாதிரி:

1. இதைப் பாடிப் பெயர் பெற்றவர் ‘வாடைக்காற்று’ படத்திலும் நடித்தவர். நெடுந்தீவு மீனவர் வாழ்க்கையைச் சொல்லும் செங்கை ஆழியானின் நாவல்தான் 1978இல் அப்படிப் படமானது.
2. இதே பாட்டு 1977இல் ஒரு தமிழ்நாட்டுப் படத்திலே இளையராஜா இசையிலும் வந்தது.
3. பைலா தாளம். கேட்டால் கை தானாகத் தட்டும்.
4. தமிழும் சிங்களமும் கலந்து வரும்.
5. மீன் கொண்டு வந்திருப்பதாக ஒரு பெண்ணிடம் பெயர் சொல்லிச் சொல்லும்.

என்ன, பிடிபட்டதா? ஆமாம், ‘சுராங்கனி’தான்! பாடியவர் ஏ.ஈ. மனோகரன். சிலோன் மனோகர் என்று தமிழ்நாடே கூப்பிட்ட அவர் 2018இல் காலமானார்.

குறிப்பு செய்யும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, கஷ்டமான குறிப்பு முதலில், சுலபமானது கடைசியில். மீனை முதலிலேயே சொல்லிவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. இரண்டு, ‘நல்ல பாட்டு, இனிமையான பாட்டு’ என்பது குறிப்பே அல்ல. அது ஆயிரம் பாட்டுக்குப் பொருந்தும். யார் பாடினார், எதைப் பற்றி, எந்தத் தாளம் என்று சொல்ல வேண்டும். மூன்று, சொல்வது உண்மையாக இருக்க வேண்டும். சந்தேகம் என்றால் விட்டுவிடுங்கள். தப்பாகச் சொன்னவரை யாரும் கேலி செய்யவும் கூடாது. சிரித்துவிட்டால் அடுத்த முறை அந்தப் பிள்ளை வாயே திறக்காது.

ஒவ்வொரு அணியிலும் ஒரு பாட்டியோ தாத்தாவோ, ஒரு சின்னப் பிள்ளையோ கட்டாயம் இருக்கட்டும். ஏன் தெரியுமா? சினிமாப் பாட்டு கசெட்டிலும் போனிலும் இருக்கிறது, தொலையாது. ஆனால் கொழுந்து எடுக்கும்போது பாடிய பாட்டு, தொட்டில் பாட்டு, ஒப்பாரி, இதெல்லாம் பாட்டியின் வாயிலே மட்டும்தான் இருக்கிறது. மடக்கொம்பரைத் தோட்டத்திலே பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை அப்படிப்பட்ட மலைநாட்டுப் பாடல்களைத் தேடித் திரட்டி வைத்தார். அவருக்குக் கிடைக்காதது உங்க லயத்திலேயே இருக்கலாம். நாமும் கேட்காமல் விட்டால் பாட்டியோடு அதுவும் போய்விடும்.

அதனாலே கடைசிச் சுற்றைத் தோட்டத்துப் பாட்டுக்கு ஒதுக்குங்கள். பாட்டி குறிப்பு சொல்லட்டும், பிள்ளைகள் தேடட்டும். யாருக்கும் தெரியவில்லையா? அதுதான் நமக்கு வேண்டிய பாட்டு! பாட்டியைப் பாடச் சொல்லி ஒரு கொப்பியிலே எழுதுங்கள். யார் பாடியது, எந்த வேலையின்போது, யாரிடம் கற்றது என்பதையும் பக்கத்திலே எழுதுங்கள்.

பயிற்சி:

1. உங்கள் பெயரைச் சொன்னால் உதடு ஒட்டுமா, குவியுமா?
2. உங்களுக்குப் பிடித்த பாட்டுக்கு ஐந்து குறிப்பு எழுதுங்கள்.
3. இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பெரியவரிடம் கேட்டு, அச்சில் வராத ஒரு பாட்டையாவது எழுதி வையுங்கள்.

முதல் இரண்டையும் செய்தால் சந்தோஷம். மூன்றாவதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.