சப்வூஃபரை எங்கே வைக்கணும்? ஒரு திருவிழா மேடைக் கணக்கு

பாபநாசம் பக்கம் கிராமங்கள்ல சித்திரைத் திருவிழா பார்த்திருக்கீங்களா? சம்பா அறுவடை முடிஞ்ச வயல்ல மேடை போட்டிருப்பாங்க. மேடைக்கு இடப்பக்கம் ஒரு சப்வூஃபர், வலப்பக்கம் ஒண்ணு. நட்ட நடுவுல நின்னா நெஞ்சு அதிரும். கொஞ்சம் பக்கவாட்டுல நகர்ந்தா பேஸ் காணாமப் போயிடும். ஆனா மேடைக்குப் பின்னாடி வீட்ல தூங்கப் போற பாட்டிக்கு ஜன்னல் கதவு வரைக்கும் ஆடும். கேட்க வந்தவங்களுக்குக் கிடைக்கல, கேட்காதவங்களுக்குக் கிடைக்குது. பெரும்பாலும் இது பெட்டியோட குறை இல்லை, பெட்டி வெச்ச இடத்தோட குறை. பிளஸ் டூ இயற்பியல் போதும், வாங்க பார்க்கலாம்.

1. அலைநீளம் முதல்ல

30 டிகிரி வெப்பநிலையில் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 350 மீட்டர். இதை அதிர்வெண்ணால் வகுத்தா அலைநீளம். 50 ஹெர்ட்ஸுக்கு 7 மீட்டர், 100 ஹெர்ட்ஸுக்கு 3.5 மீட்டர். பெட்டியோ ஒரு மீட்டர்கூட இருக்காது. தன் அலைநீளத்தைவிடச் சின்னதா இருக்கிற பெட்டியால ஒலியை ஒரு திசைக்கு மட்டும் அனுப்ப முடியாது. அதனால முன்னாடி எவ்வளவோ, பின்னாடியும் ஏறக்குறைய அவ்வளவு போகும். பழைய புனல் ஸ்பீக்கர்ல இந்தப் பிரச்சினை இல்ல. அதுல பேஸே வராது.

2. இடம் ஒண்ணு, வலம் ஒண்ணு: என்ன ஆகுது?

ரெண்டு சப்பும் 8 மீட்டர் இடைவெளியில் இருக்குன்னு வெச்சுக்கோங்க. நீங்க 10 மீட்டர் தள்ளி, நடுக்கோட்டில் நிக்கிறீங்க. ரெண்டு அலையும் ஒரே நேரத்தில் வந்து சேரும். ஒரு பெட்டி தர்றதைவிட 6 டெசிபல் கூடுதல்.

இப்போ வலப்பக்கம் 5 மீட்டர் நகருங்க. பிதாகரஸ் போட்டா கிட்ட இருக்கிற பெட்டி 10.05 மீட்டர், தூரத்தில் இருக்கிறது 13.45 மீட்டர். வித்தியாசம் 3.4 மீட்டர், அதாவது 50 ஹெர்ட்ஸுக்குக் கிட்டத்தட்ட அரை அலைநீளம். ஒண்ணு மேல ஏறும்போது இன்னொண்ணு கீழ இறங்கும். திறந்தவெளியில் இந்த இடத்தில் கிட்ட இருக்கிற பெட்டி தனியா தர்றதைவிட சுமார் 12 டெசிபல் குறையும்! ரெண்டாவது பெட்டிக்கும் வாடகை கொடுத்து பேஸைக் குறைச்சிருக்கோம். இன்னும் வால்யூம் ஏத்தினா இந்தப் பள்ளம் நிரம்பாது. நடுவுல இருக்கிறவங்க காதும் பின்வீட்டு ஜன்னலும்தான் பாவம்.

தெருவில் மேடை போட்டா வீட்டுச் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்பும், அதனால எண்கள் மாறும். ஆனா மேடும் பள்ளமும் இருக்கும்.

3. முதல் தீர்வு: ஒண்ணா சேருங்க

ரெண்டையும் மேடைக்கு முன்னால் நடுவில் ஒட்டி வைங்க. பாதை வித்தியாசம் கிட்டத்தட்ட பூஜ்யம். எங்கே நின்னாலும் ரெண்டும் சேர்ந்தே வரும். குழந்தைங்க முன்வரிசையில் வந்து உட்காருவாங்க, அதனால முன்னாடி தடுப்புக் கட்டி இடைவெளி விடணும்.

4. ரெண்டாவது தீர்வு: முன்னும் பின்னும்

பாட்டியோட ஜன்னலுக்கு இதுதான் மருந்து. ரெண்டு பெட்டியையும் ஜனங்களைப் பார்த்தபடி ஒண்ணுக்குப் பின்னால் ஒண்ணா வைங்க. முகப்பிலிருந்து முகப்புக்கு 1.46 மீட்டர். இது 60 ஹெர்ட்ஸோட கால் அலைநீளம். முன்பெட்டிக்கு மட்டும் டிஎஸ்பி-யில் 4.2 மில்லிசெகண்ட் தாமதம் கொடுங்க.

முன்னால்: பின்பெட்டி ஒலி 1.46 மீட்டர் கடக்க 4.2 மில்லிசெகண்ட் ஆகும். முன்பெட்டியும் அவ்வளவு நேரம் காத்திருந்துதான் கிளம்புது. ரெண்டும் சேர்ந்து பலமாகும்.

பின்னால்: முன்பெட்டி ஒலி 4.2 காத்திருந்து, இன்னொரு 4.2 பயணம் செஞ்சு, மொத்தம் 8.4 மில்லிசெகண்ட் தாமதமா வரும். 60 ஹெர்ட்ஸின் ஒரு சுற்று 16.7. அதில் இது பாதி. ரெண்டும் அடிபட்டுப் போகும்.

60-ல மட்டும் இல்ல, 45 முதல் 75 ஹெர்ட்ஸ் வரைக்கும் பின்பக்கம் முன்பக்கத்தைவிட 8 டெசிபலாவது குறையும். இதுக்குப் பேர் எண்ட்-ஃபயர். கூடுதல் பெட்டி வேண்டாம். ஒரு டேப்பும் டிஎஸ்பி-யும் போதும்.

5. மீட்டர் சொல்லாத விஷயம்

2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகல் அளவு 55 டெசிபல், இரவு 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி குறைஞ்சது 100 மீட்டரை அமைதி மண்டலமா அறிவிக்கலாம். ஆனா இந்த அளவெல்லாம் 'ஏ' வெயிட்டிங் டெசிபல். அந்தக் கணக்கு 50 ஹெர்ட்ஸை சுமார் 30 டெசிபல் குறைச்சுதான் காட்டும். மீட்டர்ல எண் சரியா இருக்கும், ஜன்னல் ஆடிட்டே இருக்கும். அதனால பேஸ் எங்கே போகணும்னு முடிவு பண்ற பொறுப்பு மீட்டருக்கு இல்ல, பெட்டியை இறக்கி வைக்கிற நமக்குத்தான்.

செஞ்சு பாருங்க

அடுத்த கல்ச்சுரல்ஸ் சவுண்ட் செக் நேரத்தில் சவுண்ட் சர்வீஸ் அண்ணன்கிட்ட அனுமதி கேட்டு, மொபைல் ஆப்பில் 50 ஹெர்ட்ஸ் டோனைக் குறைஞ்ச வால்யூம்ல ஓட விடுங்க. இடமிருந்து வலமா மெதுவா நடங்க. பேஸ் மறையுற இடத்தில் சாக்பீஸால கோடு போடுங்க. அப்புறம் பெட்டிகளைச் சேர்த்து வெச்சு அதே கோட்டுல போய் நின்னு கேளுங்க. அப்படியே மேடைக்குப் பின்னாடியும் ஒரு நடை போயிட்டு வாங்க.