சட்டாம்பிள்ளை முறையும் மாணவர் தலைமையும்

மாணாக்கருள் தலைவரை எவ்வாறு ஆக்குவது என்னும் வினா நம் ஆசிரியர் கூட்டங்களிற் பலகாலும் எழுகின்றது. மாணவ முதல்வர், வகுப்புத் தலைவர், மாணவர் பாராளுமன்ற உறுப்பினர் எனப் பெயர்கள் பெருகியிருக்கின்றன. சின்னஞ் சூட்டும் வைபவங்களுக்கும் குறைவில்லை. ஆயின் அச்சின்னத்தை அணிந்த பிள்ளைக்கு நாம் ஒப்புவிக்குந் தொழில் யாதென நோக்கின், வரிசையை நிறுத்துதலும், பேசியவர் பெயரை எழுதுதலும், பிந்தி வந்தவரைப் படலையில் மறித்தலுமாகவே பெரும்பாலும் அது முடிகின்றது. இது காவற்றொழில், தலைமையன்று. இவ்வேற்றுமையை விளக்குதற்கு, திண்ணைப் பள்ளியிலே தோன்றிக் கடல் கடந்து புகழுற்றுப் பின் கெட்ட ஒரு முறையின் வரலாறு மிகவும் உதவும்.

திண்ணைப் பள்ளிகளிலே இளஞ்சிறார் மணலில் விரலால் எழுத்தை வரைந்து, வரையும்போதே வாயாற் சொல்லிப் பழகுவர். எழுத்துத் தேறிய பின்னரே ஏடும் எழுத்தாணியும் கைக்கு வரும். ஓராசிரியர் பல வயதுப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டியிருந்தமையால், முன்னே கற்றவன் பின்னே வந்தவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். அவனே சட்டாம்பிள்ளை. (முந்திய தலைமுறை யாழ்ப்பாணத்தார் ஆசிரியரையே சட்டம்பியார் என்றழைத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது.) இது தமிழருக்கு மாத்திரம் உரிய வழக்கமன்று. பியெத்திரோ தெல்லா வாலே என்னும் இத்தாலிய யாத்திரிகர் 1623 ஆம் ஆண்டிலே கன்னட நாட்டில் இக்கேரிக்குச் செல்லும் வழியில், நான்கு சிறுவர் மணல் பரப்பிய தரையில் எழுதி, ஒருங்கே இசையோடு சொல்லிக் கணக்குப் படிக்கக் கண்டார். ஆசிரியர் அருகில் இல்லை. மறந்தால் திருத்துவார் யாரென அவர் வினவ, நால்வரும் ஒருசேர மறத்தல் கூடாதென விடை வந்ததாம்.

இனிச் சென்னைக்கு வருவாம். எழும்பூரிலே ஆங்கிலப் படைவீரரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கென நடந்த சாலையை 1789 முதல் மேற்பார்த்தவர் அன்றூ பெல் என்னும் ஸ்கொத்துலாந்து தேசத்துக் குரு. ஒருநாட் காலை குதிரைமீது செல்லும்போது, மலபார்ப் பள்ளியொன்றிலே பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். அக்காலத்து ஆங்கிலர் தமிழரையும் மலபார் என்றே வழங்கினர். உடனே தம் சாலைக்குத் திரும்பி, கீழ்வகுப்பு உபாத்தியாயரை அவ்வாறே கற்பிக்கச் சொன்னார். உபாத்தியாயரோ அது ஆகாத காரியம் என்றார். பெல் அவருடன் வாதாடிக் காலம் போக்காது, யோன் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அவ்வேலையை ஒப்புவித்தார். சிறுவன் செய்து காட்டினான். அதன்மேற் கீழ்வகுப்புக்களையெல்லாம் மாணாக்கரைக் கொண்டே நடத்தி, 1797 இல் இலண்டனில் அம்முறையை நூலாக வெளியிட்டார்.

இங்கே பிள்ளை தலைவனாயினமை ஒன்று. அதனினும் பெரியது, தலைமை ஆசிரியர் தெருவோரத்துப் பிள்ளைகளிடம் கற்கச் சம்மதித்தமை. ஆகாது என்றவருக்கு அநுபவம் இருந்தது; அவ்வநுபவமே அவருக்குத் தடையுமாயிற்று. பெல் 1832 இல் இறந்து வெஸ்ற்மினிஸ்ரர் ஆலயத்தில் அடக்கம் பண்ணப்பட்டார். அவர் பொருளுதவியால் ஸ்கொத்துலாந்திலே சென்ற் அன்றூஸ் நகரில் எழுந்த கல்லூரி இன்றும் மதராஸ் என்னும் பெயரையே தாங்கி நிற்கின்றது. அத்திண்ணை ஆசிரியரின் பெயருக்கோ அவ்வரலாற்றில் இடம் கிடைக்கவில்லை.

இனி இம்முறை கெட்டவாறு கூறுவாம். 1798 இல் இலண்டன் சதக் பகுதியிலே பள்ளி தொடங்கிய யோசேப்பு லங்காஸ்ரர், சட்டாம்பிள்ளைகள் இருப்பின் ஆயிரம் பிள்ளைகளுக்கும் ஓராசிரியர் போதும் என்றார். செலவு சுருங்குமென்று கேட்ட செல்வரும் சபையாரும் மகிழ்ந்தனர்; பற்பல தேசங்களில் இது பரவிற்று. சட்டாம்பிள்ளை ஆசிரியரிடம் பெற்ற பாடத்தை அப்படியே ஒப்பிப்பான். அதற்கு அப்பால் ஒரு பிள்ளை வினவினால் அவனிடம் விடையில்லை, வினவுதற்கு நேரமுமில்லை. லங்காஸ்ரர் பிரம்பை வெறுத்தவர். ஆயினும் குற்றஞ் செய்தவன் கழுத்தில் மரக்கட்டையைக் கட்டுவித்தும், கூடையிலிட்டுக் கூரையில் தூக்குவித்தும் நாணச் செய்தார். எழும்பூரிற் சோதனையாய் இருந்தது இங்கே யந்திரமாயிற்று. ஈற்றில் 1846 இல் ஆங்கில அரசினர் வேறொரு முறை வகுத்தனர். பதின்மூன்று வயதினர் ஐந்து வருஷம் மாணவ ஆசிரியராய்ப் பயில்வர். தலைமை ஆசிரியர் அவர்களுக்குப் பள்ளி வேளைக்குப் புறம்பே நாடோறும் ஒன்றரை மணி நேரம் தாமே கற்பித்தல் வேண்டும். பகலெல்லாங் கற்பித்துக் களைத்த பிள்ளைக்கு அது பெருஞ்சுமைதான். எனினும், பிறர்க்குக் கொடுப்பவன் தானும் பெறவேண்டும் என்பதை அரசினர் உணர்ந்தமை நன்றே.

நமது நாட்டில் நாவலரவர்கள் தாம் கற்றுக் கற்பித்த வெஸ்லியன் மிசன் பள்ளியின் நல்ல ஒழுங்குகளைக் கொள்ளக் கூசினாரல்லர். 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்து, தம்மிடங் கற்றவரையே ஆசிரியராக்கி, பாலபாடங்களைப் படிமுறையில் எழுதி அச்சிட்டார். 1879 இல் அவர் சிவபதமடைந்த பின்னும் மாணாக்கராகிய சதாசிவப்பிள்ளை முதலியோர் அப்பணியைத் தாங்கினர்.

இவற்றை நோக்குமிடத்து, ஒரு பிள்ளையைத் தலைவனாக்க விரும்புவோர் முதலிற் கொடுக்கத்தக்கது சின்னமன்று. அவனிலும் இளைய இரண்டு பிள்ளைகளை. ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம், வாசிக்கத் திணறும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருவரை வாரத்தில் மூன்று நாள், இருபது நிமிஷம் ஒப்புவிக்கலாம். புலமைப்பரிசிற் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் ஐந்தாம் வகுப்பாரை இதில் இழுத்தல் வேண்டா. பெற்றார் பொறார், அவர் பொறாமையும் நியாயமே. வராத ஆசிரியருக்குப் பதிலாகப் பிள்ளையை நிறுத்துவது இம்முறையன்று. அது லங்காஸ்ரர் கணக்கு. தண்டிக்கும் அதிகாரமும் அவனுக்கு ஆகாது. யான் மிசன் பாடசாலையிற் படித்த காலத்தே எங்கள் வகுப்புத் தலைவன் பேசியவர் பெயரைக் கரும்பலகையில் எழுதுவான். ஒரு கொய்யாப்பழம் கொடுத்தால் அழித்தும் விடுவான். அவன் அத்தொழிலிற் கற்றது அவ்வளவே.

இதில் உயிராயுள்ள பகுதி பின்னர் வருவது. இருபது நிமிஷம் முடிந்தபின் ஆசிரியர் அவனை அழைத்து, பிள்ளை எங்கே தடுக்கினான், நீ யாது செய்தாய் என்று கேட்டல் வேண்டும். எம் பள்ளியிலே ஒரு சிறுவன் ‘கெ’ என்னும் எழுத்தை எழுதச் சொன்னால் ககரத்தை முன் எழுதிக் கொம்பைப் பின் இடுவான். கவனக்குறைவு என்று எத்தனையோ முறை அடித்துத் திருத்திவிட்டோம். அவனுக்குச் சொல்லிக்கொடுத்த பெண்பிள்ளை ஒருநாள், “ஐயா, அவன் காதுக்கு எது முதற் கேட்குதோ அதைத்தான் முதல் எழுதுறான்” என்றாள். உண்மை அதுவே. இரண்டாம் வகுப்பு ஆசிரியை அதன்பின் கொம்பெழுத்தைக் கற்பிக்கும் விதத்தையே மாற்றினார்.

இத்தகைய செய்திகளை ஒரு கொப்பியிற் பதிந்து வைப்பது நலம். தவணைக்கொருமுறை பொறுப்பை மாற்றி, வகுப்பிலே வாய்திறவாத பிள்ளைக்கும் முறை வரச் செய்தல் வேண்டும். பல இடங்களில் அவர்களே பொறுமையோடு கற்பிக்கின்றனர். மாதாந்த ஆசிரியர் கூட்டத்திலே அக்கொப்பியை முதலில் வாசிக்கலாம். தலைமை ஆசிரியர் தமது சுற்றறிக்கையை அதன்பின் வாசித்தால் ஒன்றும் கெட்டுவிடாது.