தளத்துக்கு வந்தவர் என்ன தேடினார்?

நம்பிக்கை: வலைத்தளத்துக்கு வருபவர்களின் போக்கை ஆராய்வது பெரிய கம்பெனிகளின் வேலை.

உண்மை: தென்காசி அருகே இலஞ்சியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் மென்பொருள் நிறுவனமான ஜோஹோ, இந்த வேலைக்கு பேஜ்சென்ஸ், சேல்ஸ்ஐக்யூ என்ற மென்பொருள்களை விற்கிறது. ஆனால் தொடங்குவதற்கு அவைகூடத் தேவையில்லை. பெரும்பாலான சர்வர்கள் தாமாகவே ஒரு லாக் (பதிவேடு) எழுதிவருகின்றன. வந்தவரின் ஐபி முகவரி, தேதி, நேரம், கேட்ட பக்கம், அது கிடைத்ததா என்பதற்கான எண் எல்லாம் ஒரே வரியில் இருக்கும். 200 என்றால் பக்கம் கிடைத்தது; 404 என்றால் அப்படியொரு பக்கமே இல்லை. குற்றால சீசனில் ஒரு லாட்ஜின் 'அறை வாடகை' பக்கத்துக்கு நேரே 404 வரிசையாக நின்றால், வாடிக்கையாளர்கள் வாசல்வரை வந்து திரும்புகிறார்கள் என்று அர்த்தம்.

நம்பிக்கை: பத்தாயிரம் ஹிட் என்றால் பத்தாயிரம் பேர்.

உண்மை: லாக்கில் விழும் ஒவ்வொரு வரியும் ஒரு ஹிட். இருபது படங்கள் உள்ள பக்கத்தை ஒருவர் முதல்முறை திறந்தாலே இருபதுக்கும் மேற்பட்ட வரிகள் பதிவாகலாம். தேடுபொறிகளின் ரோபோக்களும் அதே லாக்கில்தான் இருக்கும். மொபைல் நெட்வொர்க்கில் ஒரே ஐபியைப் பலர் பகிர்ந்துகொள்வதும் உண்டு. இவற்றைச் சலித்தெடுக்காத கணக்கை நம்பி விளம்பரத்துக்குப் பணம் போடக் கூடாது.

நம்பிக்கை: பாதியில் வெளியேறியவர் கைவிட்டுப் போன வாடிக்கையாளர்.

உண்மை: அதிகம் ஏமாற்றுவது இதுதான். அடுத்த பக்கத்தைக் கேட்கும் நேரத்தை வைத்துத்தான் முந்தைய பக்கத்தில் எவ்வளவு நேரம் இருந்தார் என்று லாக் சொல்லும். கடைசிப் பக்கத்துக்கு அந்தக் கணக்கே கிடையாது. போன் நம்பரைப் பார்த்ததும் தளத்தை மூடிவிட்டு, "ரூம் இருக்கா?" என்று கூப்பிடுகிறவரும் அங்கே 'வெளியேறியவர்'தான். தென்காசிப் பக்கத்து லாட்ஜ்காரர் லாக்கையும் போனில் வந்த புக்கிங் நோட்டையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் பிடிபடும்.

நம்பிக்கை: வால்மார்ட்டில் டயபருக்குப் பக்கத்தில் பீரை வைத்தார்கள், விற்பனை எகிறியது.

உண்மை: மேடைதோறும் சொல்லப்படும் கதை. 1992-ல் அமெரிக்காவின் ஆஸ்கோ மருந்துக் கடைகளின் பில்களை டெராடேட்டா என்ற தரவு நிறுவனத்தின் குழு ஆராய்ந்தபோது, மாலை 5 முதல் 7 மணிவரை இரண்டும் சேர்ந்து விற்றது தெரிந்தது. அதை வைத்து அலமாரியை மாற்றவில்லை. தளத்தின் லாக்கிலும் இரண்டு விஷயம் சேர்ந்து வருவது ஒரு துப்பு மட்டுமே. மாற்றிப் பார்த்து, பழையதோடு ஒப்பிட்ட பிறகே அது வியாபார அறிவாகும்.

நம்பிக்கை: பிரவுசரின் இன்காக்னிட்டோ முறையில் பார்த்தால் யாருக்கும் தெரியாது.

உண்மை: அது உங்கள் கருவியில் மட்டும்தான் சுவடு வைக்காது, தளத்தின் லாக்கில் வரி விழத்தான் செய்யும். இதுபற்றி 2020-ல் அமெரிக்காவில் கூகுள் மீது தொடரப்பட்ட வழக்கில், கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க 2024-ல் அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது.

இந்தியாவில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்துவிட்டது. அதனால் தளம் நடத்துபவர்களே, என்ன பதிகிறீர்கள், எதற்காகப் பதிகிறீர்கள் என்பதை முகப்பிலேயே தமிழில் எழுதி வையுங்கள்.