எத்தனை படுக்கை என்று கேட்காதே

அன்புள்ள யாழினிக்கு,

உன் கல்லூரி இருக்கும் சிற்றூரில், வீடற்றவர்கள் குளிர்கால இரவுகளில் தங்குவதற்குத் தேவாலயக் கூடம் ஒன்றைத் திறக்கப் போகிறார்கள் என்றும், நீயும் தன்னார்வலராகச் சேரலாமா என்றும் கேட்டு எழுதியிருந்தாய். தாராளமாகச் சேர். ஆனால் போவதற்கு முன் கிராண்ட்ஸ் பாஸ் என்ற ஊரின் கதையைத் தெரிந்துகொண்டு போ.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், தென்கோடிக்கு அருகே, ரோக் ஆற்றங்கரையில் இருக்கிறது அந்த ஊர். மக்கள் தொகை நாற்பதாயிரத்தை எட்டாது. தன் தட்பவெப்பத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு பழைய பலகை அதன் கடைத்தெருவுக்கு மேலே தொங்குகிறது. ஏறக்குறைய 600 பேர் வரை அங்கே வீடில்லாமல் இருந்ததாக நீதிமன்றத்தில் பேசப்பட்டது. பொது இடத்தில் போர்வை விரித்துப் படுத்தால் அப்போது 295 டாலர் அபராதம் விதித்தார்கள். படுக்க இடமில்லாதவரிடம் அவ்வளவு பணம் எங்கே இருக்கும்? கட்டாவிட்டால் தொகை இன்னும் ஏறியது.

தங்குவதற்கு வேறு இடம் இல்லாதவரை, வெளியே படுத்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்று 2018இல் பாய்ஸி நகர வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்திருந்தது. அதைப் பற்றிக்கொண்டு கிராண்ட்ஸ் பாஸின் வீடற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். அப்போதுதான் அந்த முக்கியமான கேள்வி எழுந்தது: இந்த ஊரில் தங்க இடம் இருக்கிறதா, இல்லையா?

காகிதத்தில் இருந்தது. ஒரு கிறிஸ்தவ அமைப்பின் விடுதி இருந்தது. ஆனால் அங்கே தங்குகிறவர்கள் புகைக்கக் கூடாது. வழிபாட்டில் கலந்துகொண்டே ஆக வேண்டும். குளிர்காயும் கூடம் ஒன்றும் இருந்தது. அதில் 40 பேருக்குத்தான் இடம், படுக்கை கிடையாது. வெப்பநிலை ஏறக்குறைய மைனஸ் 1 டிகிரி செல்சியஸுக்கு இறங்கினால், அல்லது உறைநிலையில் பனியும் பெய்தால் மட்டுமே திறப்பார்கள். 2020ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அது திறந்திருந்தது வெறும் 16 இரவுகள். முதல் இரவைத் தவிர மற்ற எல்லா இரவும் நிரம்பி வழிந்தது.

இவற்றை நம்பி, ஊரில் இடம் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது என்றன கீழ் நீதிமன்றங்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே 2024 ஜூன் 28 அன்று, இந்த அபராதங்கள் அரசியல் சாசனம் தடுக்கும் கொடூரத் தண்டனை ஆகா என்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் நகரத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அரசியல் சாசனத்தின் அந்தத் தடையைப் பொறுத்தவரை கேள்வி முடிந்தது. உன்னைப் போல ஒரு கூடத்தைத் திறக்கப் போகிறவர்களுக்கு அது முடியவில்லை. எத்தனை படுக்கை போட்டிருக்கிறோம் என்பதைவிட, வாசலோடு திரும்பிப் போகிறவர் யார் என்பதுதான் அவர்கள் கேட்க வேண்டியது.

முதலில் வெப்பமானியைக் கவனி. உறைநிலையைத் தொட்டால்தான் கதவு திறக்கும் என்ற விதி கேட்பதற்கு நியாயமாக இருக்கும். ஆனால் உடம்புக்கு அந்தக் கோடு தெரியாது. உடலின் உள்வெப்பம் வழக்கமாக 37 டிகிரி. 35க்குக் கீழே போனாலே ஆபத்து. நனைந்த துணி உடல்சூட்டை வெகுவேகமாக உறிஞ்சிவிடும். ஆகவே மூன்று, நான்கு டிகிரியில் மழை கொட்டும் இரவு, காய்ந்த பனி இரவுக்கு இளைத்ததல்ல. முதலில் உடம்பு நடுங்கும். பிறகு புத்தி மந்தமாகும். கடைசியில் நடுக்கமே நின்றுவிடும். அந்தக் கட்டத்தில் தனக்கு ஆபத்து என்பதே அவருக்குப் புரியாது. மிதமான குளிர் உள்ள ஊர்கள் ஏமாந்து போவது இங்கேதான்.

அடுத்தது குடி. குடித்துவிட்டு வருகிறவர்களுக்கு இடமில்லை என்று பல தங்குமிடங்களில் எழுதியே வைத்திருப்பார்கள். மற்றவர்களின் பாதுகாப்பை நினைத்துச் செய்கிறார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மது தோலடி ரத்தக் குழாய்களை விரியவைக்கிறது. குடித்தவருக்குக் கதகதப்பாகத் தோன்றும். உண்மையில் சூடு வெளியேறிக்கொண்டிருக்கும். விதி யாரை வெளியே நிறுத்துகிறதோ, குளிர் முதலில் அவரைத்தான் கொல்லும். கலாட்டா செய்கிறவரைத் தடுத்து நிறுத்து. வாசனையை வைத்து யாரையும் திருப்பி அனுப்பாதே.

மூன்றாவது, பிரிவு. ஆணும் பெண்ணும் தனித்தனியாகத்தான் படுக்க வேண்டும் என்றால், கணவனும் மனைவியும் பாலத்தடியிலேயே இருந்துவிடுவார்கள். நாய்க்கு அனுமதி இல்லையென்றால், நாயோடு வாழ்கிறவர் வரமாட்டார். அவருக்குத் துணையும் காவலும் அதுதான். இரண்டு பைக்கு மேல் கூடாது என்றால், கூடாரத்தையும் கம்பளியையும் தெருவில் விட்டுவிட்டு வரவேண்டும். விடியும்போது அவை அங்கே இருக்காது. கூடத்தின் ஒரு மூலையில் நாய்களுக்கு இடம், பூட்டக்கூடிய ஒரு சாமான் அறை, தம்பதிகளுக்கு ஒரு தட்டி மறைப்பு. இவற்றுக்குப் பெரிய செலவு ஆகாது.

சிற்றூருக்கே உரிய சிக்கல் தூரம். கடைசிப் பேருந்து போன பிறகு திறக்கும் கூடம், நடக்க முடியாதவருக்கு மூடிய கூடம்தான். இன்று திறக்கிறோமா என்பதை மாலைக்கு முன்பே நூலகத்திலும் உணவு வழங்கும் இடத்திலும் சொல்லிவிடச் சொல். காலையில் கூடத்தை மூடும்போது அவர்கள் எங்கே போவார்கள் என்பதையும் கேள். உள்ளே, மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடைக் கண்டறியும் கருவி கட்டாயம் இருக்க வேண்டும். இரவு முழுவதும் குறைந்தது இரண்டு பேர் விழித்திருக்க வேண்டும். காய்ந்த காலுறை எத்தனை இருந்தாலும் போதாது.

இத்தனையும் கேட்டு மலைத்துவிடாதே. கனடாவின் டொராண்டோவில் 1987இல், சூசன் மோரன் என்ற கன்னியாஸ்திரியோடு சேர்ந்து ஒரு பள்ளியின் மாணவர்கள் தொடங்கியதுதான் 'அவுட் ஆஃப் த கோல்ட்' என்ற ஏற்பாடு. பிறகு தேவாலயங்களும் யூத ஆலயங்களும் ஆளுக்கு ஓர் இரவு என்று முறை வைத்துப் பொறுப்பேற்றன. ஒரே கூடத்தின் மீது முழுப் பாரமும் விழாதபடி பகிர்ந்துகொள்ளும் இந்த வழி, பணமும் ஆளும் குறைந்த சிற்றூருக்கும் பொருந்தும்.

இரவுத் தங்குமிடம் வீட்டுக்கு ஈடாகாது. வாடகை கட்டக்கூடிய வீடு கிடைக்காத ஊரில், வீடற்றவர்கள் அடுத்த குளிர்காலத்திலும் இருப்பார்கள். அந்த வீட்டுக்காகவும் நகர மன்றத்தில் குரல் கொடு. ஆனால் வீடு வரும்வரை உயிர் இருக்க வேண்டும். முதல் கூட்டத்துக்குப் போகும்போது, வாசலில் ஒட்டப்போகும் விதிகளின் பட்டியலை வாங்கிப் படி. ஒவ்வொரு விதிக்கும், "இதனால் வெளியே நிற்கப்போகிறவர் யார்?" என்று சத்தமாகக் கேள். பதில் கிடைக்கும்வரை விடாதே.

அன்புடன்,
மாமா