மூச்சுக்கு இடம் விடும் உடுப்பு

புரட்டாசிக் கடைசியிலிருந்து கார்த்திகை வரை அம்பூரியில் ஒரே நாளுக்குள் மூன்று பருவம் வந்துபோகும். விடிகாலையில் நெய்யாறு நீர்த்தேக்கத்தின் மேல் மஞ்சு படிந்திருக்கும். பத்து மணிக்கெல்லாம் முதுகு நனைய வியர்க்கும். பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு அகத்தியமலைப் பக்கம் வானம் கறுத்து, இடியோடு துலாமழை, அதாவது வடகிழக்குப் பருவமழை, கொட்டும். இந்த மூன்றையும் ஒரே உடுப்பில் தாங்கிக்கொண்டு, ஏறத்தாழ 40 கிலோமீட்டர் பஸ்ஸில் போய், திருவனந்தபுரம் தைக்காட்டு இசைக் கல்லூரியில் சம்மணமிட்டுப் பாடிவிட்டு, அதே தூரம் திரும்பி வரும் மாணவிக்காக இதை எழுதுகிறேன். வெள்ளறடையிலிருந்தும் பாறசாலையிலிருந்தும் எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் உள்ள பத்துகாணி, அருமனையிலிருந்தும் போகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

பாட்டுப் படிக்கிற பிள்ளைகள் கண்ணாடி முன் நின்று உடுப்புத் தேர்ந்தெடுக்கிறார்கள். மகளே, நீ தரையில் உட்கார்ந்து தேர்ந்தெடு. புதிதாக ஒன்று தைத்து வந்ததும் அதைப் போட்டுக்கொண்டு பாயில் சம்மணமிட்டு உட்கார். அடிவயிறு வரைக்கும் மூச்சை இழுத்து, கீழ்ப் பஞ்சமத்தில் ஒரு நீண்ட கார்வை பிடி. பிறகு மேல் ஷட்ஜத்தில் நின்று பார். இடுப்பில் எங்கேயாவது வெட்டினாலோ, விலாவில் தையல் இழுத்தாலோ, மூச்சு மேல் நெஞ்சிலேயே நின்றுவிடும். நெஞ்சு மூச்சில் பாடுகிறவர்களுக்குத் தோள் ஏறும், கழுத்து இறுகும், அரை மணி நேரத்தில் தொண்டை எரியும். ‘சாதகம் பண்ணினால் தொண்டை வலிக்கிறது’ என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது பாவாடை நாடாவைப் பற்றித்தான்.

அந்த நாடாவைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். சேலைக்கு உள்ளே கட்டும் பாவாடையில் கயிறு போன்ற மெல்லிய நாடா இருந்தால், சேலையின் முழுக் கனத்தையும் அந்த ஒரு கோடு தாங்குகிறது. சேலை நழுவிவிடும் என்ற பயத்தில் இன்னும் இறுக்கிக் கட்டுவோம். வயிறு முன்னால் விரிய வழியில்லாமல் போகிறது. நாளடைவில் அந்த இடத்தில் தோல் கறுத்துத் தடிக்கும். தையற்காரியிடம் சொல்லி, மூன்று விரல் அகலத்துக்குத் துணிப் பட்டி வைத்த பாவாடையாகத் தைத்துக்கொள். கட்டும்போது மூச்சை உள்ளே இழுத்து வயிற்றை நிறைத்துக்கொண்டு கட்டு. சுடிதார் பேன்ட்டுக்கும் இதே கணக்குத்தான். எலாஸ்டிக் அகலமாக இருக்கட்டும். காலை ஒட்டிப் பிடிக்கும் லெக்கிங்ஸ் நிற்க நன்றாக இருக்கும், ஆனால் இரண்டு மணி நேரம் சம்மணமிட்டால் முழங்கால் மரத்துப்போகும். பட்டியாலா, பலாஸோ மாதிரி தளர்ந்தவையே வகுப்புக்கு உகந்தவை.

ரவிக்கைக்கு அளவு கொடுக்கும்போது இயல்பாக நிற்காதே. மூச்சை முழுக்க இழுத்து நிறுத்திக்கொண்டு, நெஞ்சளவும் விலா அளவும் எடுக்கச் சொல். தையற்காரி சிரித்தால் சிரிக்கட்டும். கைக்குழி ஆழம் குறைவாக, கைக்குக் கொஞ்சம் தளர்வாக வைத்தால் தாளம் போடுகிற கை இழுபடாது. இரண்டு பக்கமும் தையலுக்குள் ஒரு அங்குலம் துணி மடித்து விட்டு வை. படிப்பு முடிகிற வரைக்கும் அந்த ரவிக்கை உடம்போடு சேர்ந்து வரும்.

வாத்தியம் படிக்கிறவர்களுக்குச் சில சொற்கள். வயலின் இடது தோளோரம் சாய்ந்திருப்பதால், சரிகை முந்தானை அங்கே வழுக்கும். பருத்திச் சேலையை மடித்து ஊக்குக் குத்தி, ஊக்கின் தலை வாத்தியத்தில் படாதபடி பின்பக்கம் திருப்பி வை. வீணைக்காரிகள் இரண்டு கை வளையலையும் கழற்றிப் பைக்குள் போட்டுவிடலாம். கண்ணாடி வளையல் தண்டியிலும் குடத்திலும் கீறல் போடும், ஓசையும் எழுப்பும். தம்புரா மீட்டும்போது துப்பட்டாவின் நுனி தந்தியில் மாட்டாமல் குறுக்கே கட்டிக்கொள். மைக் வைத்த மேடையில் கனமான ஜிமிக்கி வேண்டாம், ஒவ்வொரு கமகத்துக்கும் அது கூடவே ஆடும். மிருதங்கம் படிக்கிற பையன்களுக்கு வேட்டி போதும். சரிகை இல்லாத, பலமுறை துவைத்து மெதுவான வேட்டியாக இருந்தால் காலில் வாத்தியம் வழுக்காது.

துணிக்கு நீ வெகுதூரம் தேட வேண்டாம். நெய்யாற்றின்கரையைத் தாண்டி பஸ் போகிற வழியில்தான் பாலராமபுரம். பாலராம வர்மா மகாராஜா காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழ்ப் பக்கத்திலிருந்து சாலியர் நெசவாளர்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய ஊர் அது. குழித்தறியில் கையால் ஓடம் எறிந்து நெய்கிற அந்தத் துணி இருபுறமும் ஒரே மாதிரி இருக்கும்; புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. மெல்லிய நூலாக இருப்பதால் வியர்வையை உறிஞ்சும், காற்றும் போகும். விசேஷத்துக்குச் சரிகைக் கரை போட்ட ஒரு கசவு செட்டுமுண்டு வாங்கிவை. அன்றாடத்துக்குக் கசவு இல்லாத, கலர்க் கரை மட்டும் போட்ட முண்டும் நேரியலும் மலிவு, துவைக்கவும் சுலபம். வாங்கியதும் கஞ்சி போகும்படி இரண்டு முறை அலசிவிடு. கஞ்சி நிற்கிற துணி மழைக்காலத்தில் ஈரம் பிடித்துக்கொண்டு நாற்றமடிக்கும்.

மழை நாளில் பருத்தியா, பாலியஸ்டரா என்று கேட்பார்கள். பாலியஸ்டர் சீக்கிரம் காயும், உண்மைதான். ஆனால் நனைந்ததும் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸின் திறந்த ஜன்னல் காற்றில் உடம்பு நடுங்கி, தோள் இரண்டும் காதை நோக்கி ஏறும். அதே தோளோடு வகுப்பில் போய் உட்கார்ந்தால் முதல் அரை மணி நேரம் குரல் வராது. என் பரிந்துரை இது: உடம்பில் மெல்லிய பருத்தி, அடர்ந்த நிறத்தில். பைக்குள் பிளாஸ்டிக் உறையில் கட்டிய ஒரு மாற்று டாப், ஒரு சின்னத் துவர்த்துத் துண்டு, ஒரு ஜோடி உள்ளாடை. போனதும் மாற்றிக்கொள். செருப்பு தோலாக வேண்டாம். வகுப்பு வாசலில் கழற்றிப் போட வேண்டியிருப்பதால் வார் கட்டுகிற ஷூவும் வேண்டாம். பின்வார் உள்ள ரப்பர்ச் செருப்பு நல்லது, சேற்றுச் சரிவில் காலை விடாது. வீட்டிலிருந்து ரோட்டுக்கு ரப்பர் விளை வழியாக நடக்கிறவர்கள் பேன்ட்டைக் கணுக்காலுக்கு மேல் மடித்துப் போய், பஸ் ஏறுமுன் அட்டை ஏறியிருக்கிறதா என்று பார்த்து இறக்கிவிடுங்கள்.

துவைத்ததைக் காயவைப்பதுதான் இந்த மாதங்களில் பெரிய பாடு. ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற இடத்திலோ அடுப்புக்கு மேலோ துணியைத் தொங்கவிடுவது பல வீடுகளில் வழக்கம். பாடுகிறவள் நீ, உன் துணியை அங்கே போடாதே. அந்தப் புகை துணியில் ஏறி, நாள் முழுக்க உன் மூக்குக்குக் கீழேயே இருக்கும், தொண்டை அரிக்கும். இரவில் அறைக்குள் கொடி கட்டி, மின்விசிறிக்குக் கீழே விரித்துப் போடு. பகலில் வெளியே போட்ட துணியைப் பிற்பகல் இரண்டு மணிக்குள் யாராவது எடுத்துவிட வேண்டும். இடி தொடங்கிய பிறகு துணி எடுக்க முற்றத்துக்கோ மொட்டை மாடிக்கோ ஓடக்கூடாது. கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ஒவ்வொரு துலாமழைக்கும் இதைத் தனியாகவே எச்சரிக்கிறது. பிற்பகல் இரண்டிலிருந்து இரவு பத்து வரை மின்னல் ஆபத்து மிகுதி. சேலை நனைந்தால் நாளைக்குக் காயும். மின்சாரச் சுருதிப் பெட்டியின் பிளக்கையும் அந்த நேரத்தில் பிடுங்கி வைத்துவிடு.

ரப்பர் பால் வெட்டுகிற வீடுகளில் விடியுமுன்னே ஆள் எழுந்துவிடுவார்கள். அது உனக்கு வாய்த்த அதிர்ஷ்டம். அம்மாவும் அப்பாவும் தோட்டத்துக்குப் போன அந்த நேரத்தில் வீடு உனக்குத்தான். கீழ்ஸ்தாயியில் அகாரம் பிடித்து, மெதுவாக வரிசைக்கு வா. பிறகு குளி. தலைக்குக் குளிப்பதைக் கல்லூரி இல்லாத நாளுக்கு ஒதுக்கிக்கொள். ஈரத் தலையைக் குளிபின்னல் போட்டுக்கொண்டு பஸ் ஏறினால் ரவிக்கையின் முதுகு சாயங்காலம் வரை காயாது. வழியில் குடிக்கச் சீரகத் தண்ணீர் ஒரு பாட்டில் எடுத்துக்கொள். தொண்டையைக் கனைத்துக் கனைத்துச் சரிசெய்யாதே, கனைக்கும்போது குரல்நாண்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒரு மிடறு தண்ணீர் விழுங்கு, போதும்.

மாதவிடாய் நாட்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, அதனால் எழுதுகிறேன். அதற்கு முந்தைய ஓரிரு நாட்களில் சிலருக்குக் குரல்நாண் லேசாக வீங்கிக் குரல் கனக்கும், மேல்ஸ்தாயி எட்டாது. பயப்படாதே. அந்த நாட்களில் மேலே எட்டிப் பிடிக்க முயலாமல் நடுஸ்தாயியில் பழைய வர்ணங்களைத் திருப்பிப் பாடு. நீண்ட பஸ் பயணத்துக்கு அடர்ந்த நிறப் பேன்ட்டும், தொடை வரை மறைக்கும் டாப்பும் நிம்மதி தரும். வெள்ளைச் செட்டுமுண்டு உடுத்தியே ஆக வேண்டிய நாளென்றால் உள்ளே தடித்த வெள்ளைப் பாவாடை, அதற்கும் உள்ளே ஒட்டிய ஷார்ட்ஸ். வலி தாங்கவில்லை என்றால் ஆசிரியரிடம் நேரே சொல்லிவிடு. சொன்னதற்காக உன்னைக் குறைவாக நினைக்கிற ஆசிரியர் உனக்கு வேண்டியவர் அல்ல.

இனி நவராத்திரி. பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகக் களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் போகும் நாட்களில் அந்த ரோட்டில் பஸ் ஊர்ந்துதான் போகும். அன்று காட்டாக்கடை வழியாகப் போ. அங்குள்ள நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது நாளும் சுவாதித் திருநாளின் கீர்த்தனை ஒவ்வொன்று முக்கியமாகப் பாடப்படும்: சங்கராபரணத்தில் தொடங்கி ஆரபியில் முடியும். பாடம் படிக்கிறவள் இதில் ஒரு நாளாவது போய்க் கேட்க வேண்டும். கேட்கப் போகிறபோதும் செட்டுமுண்டு அல்லது சேலை, ஓசைப்படாத காது நகை, கொலுசு வேண்டாம். பூஜை வைத்த பிறகு விஜயதசமிக் காலை வரை புத்தகமும் வாத்தியமும் பூஜையில் இருக்கும். அந்த நாட்களில் திருட்டுத்தனமாகச் சாதகம் செய்யாதே. ஆண்டு முழுக்க உழைக்கிற குரலுக்கு ஊரே சேர்ந்து கொடுக்கிற ஓய்வு அது. துணிகளை எல்லாம் எடுத்துப் பொத்தான், ஊக்கு, தையல் சரிபார்க்கவும் அதுவே நேரம்.

மண்டபத்தைப் பற்றிப் பேசும்போது பாடகி பாறசாலை பொன்னம்மாளைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1924இல் பிறந்தவர். 1939இல் தொடங்கப்பட்டு, அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் முதல் தலைவராக இருந்த அந்தத் தைக்காட்டு இசைக் கல்லூரியின் முதல் மாணவி. பிறகு அங்கேயே முதல் பெண் ஆசிரியர், திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியின் முதல் பெண் முதல்வர். இத்தனைக்குப் பிறகும் நவராத்திரி மண்டபத்தில் பெண் பாட வழி திறந்தது 2006இல்தான். முதலில் பாடியவர் அவர், எண்பதைத் தாண்டிய வயதில். 2017இல் பத்மஸ்ரீ வந்தது. 2021இல் மறைந்தார். உன் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரி. ‘ஒழுங்காக உடுத்தினால் எல்லாக் கதவும் திறக்கும்’ என்று யாராவது உன்னிடம் சொன்னால் இவரை நினைத்துக்கொள். அறுபது ஆண்டுக்கு மேல் அந்தக் கதவு அவருக்குச் சாத்திக் கிடந்ததற்கும் உடுப்புக்கும் சம்பந்தமில்லை. ஆகவே பஸ்ஸிலும் முச்சந்தியிலும் உன் துப்பட்டாவைப் பற்றிப் பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்லி மூச்சை வீணாக்காதே.

உடுப்புக்கு வெளியேயும் குரலைக் கெடுப்பவை உண்டு. கல்லூரியில் யார்மீதாவது விருப்பம் வந்தால் அது குற்றமில்லை. அளந்து பார்க்க ஒரு வழி மட்டும் சொல்கிறேன். அந்த நட்பால் இரவில் எத்தனை மணிக்குத் தூங்குகிறாய்? பதினொன்று, பன்னிரண்டு வரை போனில் கிசுகிசுத்துப் பேசிவிட்டு நான்கு மணிக்கு எழுந்து அகாரம் பிடிக்க முடியாது. கிசுகிசுப்பும் பலருடைய தொண்டைக்கு ஆகாது. உன் சாதக நேரத்தை மதிக்கிறவரா என்று ஒரு மாதம் கவனி, மற்றதெல்லாம் தானே தெரியும். வேலை கூடினாலும் தொண்டைக்குப் பாரம்தான்: சர்ச் பாட்டுக்குழுவில் இருக்கிறவர்கள் நவம்பரிலேயே கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி தொடங்கிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். ஒரே நாளில் வகுப்பும் பாட்டுக்குழுவும் குழந்தைகளுக்கு டியூஷனும் என்றால் குரல் உடையும். மூன்றில் ஒன்றை டிசம்பர் முடியும் வரை நிறுத்து. சம்பாத்தியம் தேவையென்றால் டியூஷனை வைத்துக்கொண்டு பாட்டுக்குழுவில் கீழ்க்குரல் கேட்டு வாங்கு.

கடைசியாக ஒன்று. 2001 நவம்பர் 9 அன்று அம்பூரியில் மலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இதே துலாமழைக் காலம்தான். விடாமல் மழை பெய்கிற நாளில், எச்சரிக்கை வந்திருக்கிற நாளில், இருட்டிய பிறகு மலையடிவாரத்துக்குத் திரும்பியே ஆக வேண்டும் என்று நிற்காதே. தங்குவதற்கு நகரத்தில் ஒரு தோழி வீட்டையோ உறவுக்காரர் வீட்டையோ மழை வருமுன்பே பேசி வை. உன் அம்மா அந்த வீட்டம்மாவிடம் ஒருமுறை போனில் பேசிவிடட்டும். அங்கே ஒரு மாற்றுச் சுடிதார், இரவு உடை, துவர்த்து, பல் துலக்கி, தேவையான மாத்திரை எல்லாம் ஒரு துணிப்பையில் இந்த வாரமே கொண்டுபோய்க் கொடுத்துவிடு.