கொல்கத்தா பார்க்கப் போகும் புதுத் தம்பதிகளுக்கு

கல்யாணமான கையோடு ஊட்டிக்கும் மணாலிக்கும் போகிறவர்கள்தான் அதிகம். கொல்கத்தா போகிறோம் என்று ஒரு ஜோடி வந்து சொன்னால் எனக்கு மனசு நிறைந்துவிடும். கணவரின் உத்தியோகத்தால் அந்த ஊரில், லேக் மார்க்கெட் பக்கம், நெடுங்காலம் குடித்தனம் நடத்தியவள் நான். குளிர்காலம் பிறந்தால் உறவிலும் சிநேகத்திலும் புதிதாக மணமான பிள்ளைகள் ஊர் பார்க்க எங்கள் வீட்டுக்கு வருவார்கள். காலையில் சிரித்துப் பேசிக்கொண்டு கிளம்பிய ஜோடி, சாயங்காலம் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படியேறி வருவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒரே நாளில் எட்டு இடம் என்று போட்டுவைத்த பட்டியல்தான் பெரும்பாலும் அதற்குக் காரணம். அதனால் ஊரைப் பற்றியும், இரண்டு பேர் சேர்ந்து ஊர் சுற்றுவதைப் பற்றியும் கலந்தே சொல்கிறேன்.

1. நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரிக்குள் போய்விட்டு வாருங்கள். ஏப்ரல், மே மாதங்களின் புழுக்கத்தில் பத்து நிமிடம் நடந்தாலே உடம்பு தளர்ந்துவிடும். மழைக்காலத்தில் தெருவெல்லாம் தண்ணீர் தேங்கும். துர்கா பூஜை பார்க்க ஆசையிருந்தால், 2021-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய திருவிழா அது, கட்டாயம் போங்கள். ஆனால் அந்த நாட்களில் பந்தல்களை மட்டும் பாருங்கள். விடிய விடிய ஊரே தெருவில் நடக்கும். வண்டிகள் நகராது, அறை வாடகை ஏறியிருக்கும். நினைவகம், அருங்காட்சியகம் எல்லாவற்றையும் அதே பயணத்தில் சேர்த்துக் கட்டினால் எதுவும் மனதில் நிற்காது.

2. அங்கே சீக்கிரம் இருட்டிவிடும். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது, சென்னையைவிட ஏறக்குறைய முக்கால் மணி நேரம் முன்னதாக. நம் ஊர்க் கணக்கில் பத்து மணிக்கு மேல் அறையைவிட்டுக் கிளம்பினால் பாதி நாள் போய்விட்டது என்று அர்த்தம். விடியற்காலையில் கிளம்புங்கள், மதியம் ஒரு தூக்கம் போடுங்கள், மூன்று மணிக்கு மறுபடி வெளியே போங்கள்.

3. எங்கே இறங்கப் போகிறீர்கள் என்பதைப் பயணச்சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சென்னை மெயில் ஹவுராவுக்குப் போகும். கோரமண்டல் விரைவு வண்டி ஷாலிமாரோடு நின்றுவிடும். தங்கும் அறையை வடக்கு தெற்காக ஓடும் மெட்ரோ தடத்துக்குப் பக்கத்தில் எடுங்கள். தட்சிணேஸ்வரம், சோபாபஜார், பார்க் ஸ்ட்ரீட், ரவீந்திர சதன், காளிகாட் எல்லாம் அந்த ஒரே தடத்தில் இருக்கின்றன. இந்தியாவின் முதல் மெட்ரோ அது. 1984 அக்டோபரில் எஸ்பிளனேடுக்கும் பவானிபூருக்கும் இடையே ஓடத் தொடங்கியது. ஹவுராவிலிருந்து ஹூக்ளி நதிக்கு அடியில் போகும் மெட்ரோ 2024 மார்ச்சில் வந்தது. ஆற்றின் கீழே அரை கிலோமீட்டர்தான், ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் ஊருக்குள் முதன்முதலாக நுழையும்போது மட்டும் அதில் போகாதீர்கள். பெட்டி படுக்கையோடு டாக்ஸி பிடித்து ஹவுரா பாலத்தின் மேலேயே போங்கள். 1943-ல் திறந்த பாலம். இருபத்தாறாயிரம் டன்னுக்கு மேல் எஃகு, நடுவில் ஆற்றுக்குள் ஒரு தூண்கூடக் கிடையாது. நட்டு போல்ட் இல்லாமல் முழுக்க ரிவெட் அடித்தே சேர்த்திருக்கிறார்கள். இருவரும் சேர்ந்து அந்த ஊரை முதலில் பார்ப்பது அங்கிருந்துதான் இருக்க வேண்டும்.

4. இப்போது சண்டை விஷயத்துக்கு வருகிறேன். கிளம்புவதற்கு முன் இருவரும் தனித்தனியாக, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல், ஆளுக்கு இரண்டு இடம் எழுதுங்கள். அந்த நான்குக்கும் நேரம் ஒதுக்கிவிட்டு மீதியைப் பற்றி யோசியுங்கள். ஒருவர் எழுதிய இடத்துக்குப் போகும்போது அந்த அரை நாள் அவருடையது. கூடப் போகிறவர் கடிகாரம் பார்க்கக் கூடாது.

எங்கள் வீட்டில் வந்து தங்கிய ஒரு பையனுக்குச் சிற்பங்களில் பித்து. 1814-ல் தொடங்கிய இந்திய அருங்காட்சியகத்தில் பார்ஹூத் ஸ்தூபியின் கல்வேலி இருக்கிறதே, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழையது, அதன் முன்னால் காலை முழுவதும் நின்றுவிட்டான். அவன் மனைவிக்கு அதில் ஒன்றும் பிடிபடவில்லை. ஆனாலும் ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் என்ன கதை செதுக்கியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டே கூட நின்றாள். மறுநாள் அவளுடைய முறை: கல்லூரித் தெருவின் பழைய புத்தகக் கடைகள். மாடியிலிருக்கும் காபி ஹவுஸில் இரண்டு பைகள் நிறையப் புத்தகத்தைக் காலடியில் வைத்துக்கொண்டு அவள் சொன்னதையெல்லாம் அவன் கேட்டிருக்கிறான். இன்னொருவருக்கு எது பிடிக்கும் என்பதைப் பெண் பார்க்க வந்த அன்றைக்குத் தெரிந்துகொள்ள முடியாது. இப்படிப்பட்ட அரை நாட்களில்தான் தெரியும்.

5. திங்கள்கிழமையைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். விக்டோரியா நினைவகத்தின் காட்சிக்கூடம், இந்திய அருங்காட்சியகம், தாகூர் பிறந்த ஜோராசாங்கோ வீடு, நேதாஜி பவன் எல்லாம் அன்று மூடியிருக்கும். அந்த நாளைக் கோயிலுக்கும் ஆற்றுக்கும் கொடுங்கள்.

6. தட்சிணேஸ்வரமும் பேலூர் மடமும் ஒரே நாளில் முடியும், நேரம் தெரிந்தால். இரண்டு இடத்திலும் நண்பகலில் நடை சாத்தி, பிற்பகலில்தான் திறப்பார்கள். மெட்ரோவில் காலையிலேயே தட்சிணேஸ்வரம் போய்விடுங்கள். ராணி ராஸ்மணி 1855-ல் எழுப்பிய கோயில், ஒன்பது சிகரங்கள். ராமகிருஷ்ணர் வாழ்ந்த அறை வளாகத்தின் மூலையில் இருக்கிறது, அங்கே கொஞ்ச நேரம் உட்காருங்கள். பிறகு படகில் எதிர்க்கரை பேலூருக்கு. மடத்தின் உள்ளே படம் எடுக்கக் கூடாது, கேமராவை வெளியே எடுக்கவே வேண்டாம்.

காளிகாட்டுக்குப் போவதென்றால் ஒன்று சொல்கிறேன். வாசலுக்கு முன்பே பண்டாக்கள், அதாவது கோயில் புரோகிதர்கள், வந்து சூழ்ந்துகொள்வார்கள். பூஜைத் தட்டு, சங்கல்பம் என்று ஆரம்பித்தால் கேட்கும் தொகை ஏறிக்கொண்டே போகும். வேண்டாம் என்பதை முதல் வார்த்தையிலேயே, கோபப்படாமல், தெளிவாகச் சொல்லிவிட்டு நேரே வரிசையில் நில்லுங்கள். இருவரில் ஒருவர் மட்டும் பேசுங்கள். ஒருவர் வேண்டாம் என்க, மற்றவர் போனால் போகிறது என்க, அந்த இடத்திலேயே மனஸ்தாபம் வந்துவிடும்.

7. ஒரு காலைப் பொழுதை முழுக்க ஹூக்ளிக்குக் கொடுங்கள். கொல்கத்தாவில் ஒன்றே ஒன்றுதான் பார்க்க நேரம் இருக்கிறது, எதைப் பார்க்கலாம் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். ஆறு மணிக்கெல்லாம் ஹவுரா பாலத்தின் கிழக்குக் கோடியில் இறங்கி, மல்லிக் படித்துறைப் பூச்சந்தைக்குள் போங்கள். செண்டுப்பூ மாலைகளை மலைப்பாம்புச் சுருளாகத் தோளிலும் தலையிலும் சுமந்துகொண்டு ஆட்கள் ஓடுவார்கள். வழி விட்டு ஓரமாக நிற்க வேண்டும், அது அவர்களுடைய பிழைப்பு. செருப்புப் போடாமல் ஷூ போட்டுக்கொள்ளுங்கள். தரையெல்லாம் சேறும் அழுகிய பூவும். பின்பக்கம் படிகளில் இறங்கினால் ஆறு. குளிப்பவர்கள், மல்யுத்தப் பயிற்சி செய்கிறவர்கள், தர்ப்பணம் செய்கிறவர்கள் எல்லோரும் பாலத்தின் நிழலில் இருப்பார்கள்.

அங்கிருந்து பாலத்தைக் கடந்து ஹவுரா துறைக்கு நடந்து, ஆஹிரிடோலா போகும் படகைப் பிடியுங்கள். கட்டணம் சில ரூபாய்தான். இந்த ஊரை ஆற்றிலிருந்து பார்க்கும்போதுதான் அது எப்படி உண்டானது என்று புரியும். கப்பலில் வந்த சரக்கை வைக்க கிடங்கு, கிடங்குக்காரனுக்கு மாளிகை, அவன் பெயரில் ஒரு படித்துறை என்று கரை நெடுக வரிசையாக நிற்கும். 1911-ல் தலைநகரை டெல்லிக்கு மாற்றும் முடிவு வரும்வரை பிரிட்டிஷ் இந்தியா முழுவதையும் ஆண்ட ஊர் இது.

ஆஹிரிடோலாவில் இறங்கி நடந்தால் குமார்துலி. மூங்கிலும் வைக்கோலும் கட்டி, அதன் மேல் ஆற்று மண் பூசி, காயவைத்து, வர்ணம் தீட்டித் தெய்வ உருவங்கள் செய்யும் தெரு. ஜனவரியில் போனால் சரஸ்வதி பூஜைக்கான உருவங்கள் சந்து முழுவதும் தலையில்லாமலும் கையில்லாமலும் காய்ந்துகொண்டிருக்கும். வேலை செய்கிறவரிடம் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். காசு கேட்டால் கொடுங்கள், நியாயம்தான். ஒரு பட்டறையில் ஒரே கைவினைஞரைக் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். இருபது பட்டறைகளை எட்டிப்பார்த்ததைவிட அது மேல்.

8. மெதுவாக நடக்கிறவரின் வேகம்தான் இருவருக்கும் வேகம். இதற்கு விதிவிலக்கு கிடையாது. அந்த ஊர்ப் புடவைக் கட்டு அழகாக இருக்கிறது என்று புதுப்பெண்கள் பட்டுப்புடவையும் குதிகால் செருப்புமாகக் கிளம்புவதுண்டு. நடக்கிற நாளில் பருத்தியும் தட்டைச் செருப்பும் போதும். மாதவிடாய் நாட்கள் குறுக்கிட்டால் கணவனிடம் வாய்விட்டுச் சொல்லு அம்மா. தம்பி, அவள் சொன்னால் அன்றைய திட்டத்தை அந்த நிமிடமே சுருக்கிவிடு.

9. இருவரும் தனியாக உட்கார்ந்து பேச அந்த ஊர் தாராளமாக இடம் கொடுக்கும். நிறைய ஆட்கள் இருக்கும் வீட்டுக்கு வாழப்போன பெண்ணுக்குக் கணவனோடு தடையில்லாமல் ஒரு மணி நேரம் பேசக் கிடைப்பதே அபூர்வம். விக்டோரியா நினைவகத் தோட்டத்தில் மரத்தடிக்கு ஒரு ஜோடி உட்கார்ந்திருக்கும், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தோட்டத்துக்குத் தனிச் சீட்டு உண்டு. 1906-ல் அடிக்கல் நாட்டி 1921-ல் திறந்த கட்டடம். தாஜ்மகாலுக்குக் கல் வந்த அதே மக்ரானா சுரங்கத்துப் பளிங்கு.

மாலையில் பிரின்செப் படித்துறை. வெள்ளைத் தூண்களுடன் 1840-களில் எழுப்பிய மண்டபம். அது யார் பெயர் என்று பலரும் கேட்பதில்லை. ஜேம்ஸ் பிரின்செப், கொல்கத்தா நாணயச் சாலையில் வேலை பார்த்தவர். அசோகர் கல்வெட்டுகளின் பிராமி எழுத்தை 1837-ல் படித்துக் காட்டியவர். அவர் அந்த வழியைத் திறந்ததால்தான் பின்னாளில் மதுரையைச் சுற்றியுள்ள குகைகளின் தமிழ்ப் பிராமியைப் படிக்க முடிந்தது. தமிழ் படித்தவர்கள் அந்த மண்டபத்தில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போவது நல்லது. அங்கேயே சிறு படகுகள் கிடைக்கும். ஏறுவதற்கு முன் கட்டணத்தையும் நேரத்தையும் பேசி முடித்துவிடுங்கள்.

10. நேதாஜி பவனை விட்டுவிடாதீர்கள். எல்கின் ரோட்டில் உள்ள அந்த வீட்டிலிருந்துதான் 1941 ஜனவரியில் நேதாஜி காவலை ஏமாற்றிக் காரில் வெளியேறினார். அந்தக் கார் இப்போதும் அங்கே நிற்கிறது. மலாயாத் தோட்டங்களிலிருந்து எத்தனை ஆயிரம் தமிழர்கள் அவருடைய படையில் சேர்ந்தார்கள் என்று நினைத்துக்கொண்டு அதைப் பாருங்கள்.

11. சாப்பாடு. கடுகெண்ணெய் வாசனை முதல் நாள் ஒத்துக்கொள்ளாது, இரண்டாம் நாள் பழகிவிடும். சைவம் சாப்பிடுகிறவர்கள் கடையில் உட்கார்ந்ததும் ‘நிராமிஷ்’ என்று சொல்லிவிடுங்கள். பருப்பிலேயே மீன் தலை போட்டுச் சமைக்கும் வழக்கம் உண்டு. வாழைப்பூக் கறியில் இறால் இருக்கலாம், கேட்டுவிட்டு வாங்குங்கள். லூச்சியும் உருளைக்கிழங்கு தம்மும், தேங்காய்ப் பல் போட்ட கடலைப்பருப்பும் நம் நாக்குக்கு உடனே பிடிக்கும். பிரியாணியில் முழு உருளைக்கிழங்கு வரும். 1856-ல் நாடிழந்து வந்த அவத் நவாப் வாஜித் அலி ஷாவின் சமையலறையோடு சேர்த்துச் சொல்லப்படும் பழக்கம் அது. இலிஷ் மீனில் முள் அதிகம், பேச்சை நிறுத்திவிட்டுச் சாப்பிடுங்கள். மண்குவளையில் தேநீர், மண்சட்டியில் இனிப்புத் தயிர், இரண்டும் தினமும் உண்டு.

இட்லி ஏக்கம் வந்தால் லேக் மார்க்கெட் பக்கம் போங்கள்; வாழையிலை, கறிவேப்பிலை, காபிப் பொடி எல்லாம் தலைமுறைகளாகக் கிடைக்கும் இடம். ஆனால் ஒரு வேளைக்கு மேல் வேண்டாம். அவ்வளவு தூரம் போய் மூன்று வேளையும் தோசை தின்றுவிட்டு வருவதை என்னால் ஒப்புக்கொள்ளவே முடியாது.

12. யாரிடம் வழி கேட்டாலும் ஆணை தாதா, பெண்ணை திதி என்று அழைத்துக் கேளுங்கள். பாதி பேர் கூடவே நடந்து வந்து காட்டுவார்கள்.

13. டிராம் ஓடினால் ஏறிவிடுங்கள். 1873-ல் குதிரை இழுக்கத் தொடங்கிய வண்டி, தடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து இன்று விரல்விட்டு எண்ணும் நிலைக்கு வந்துவிட்டது. அம்பாசிடர் மஞ்சள் டாக்ஸியும் அப்படித்தான். கார் தயாரிப்பே 2014-ல் நின்றுபோனது. உங்கள் பிள்ளைகள் காலத்தில் இவை இருக்குமா தெரியாது.

14. வாங்குவதைக் கடைசி நாளுக்கு வையுங்கள். கரியாஹாட் நடைபாதையில் தாந்த் பருத்திப் புடவை, காந்தா தையல் போட்ட துணி பார்க்கலாம்; பேரம் உண்டு. புடவை எடுக்கும் வேலையை மனைவியிடம் விட்டுவிட்டு வெளியே போய் நிற்காதே தம்பி, உள்ளே உட்கார். மாமியாருக்கும் அம்மாவுக்கும் ஒரே விலையில் எடுங்கள், இதை இருவருமே நினைவில் வையுங்கள். இனிப்பு வாங்கும்போது கடைக்காரரிடம் ரயிலில் சென்னை போகிறோம் என்று சொல்லிவிட வேண்டும். குளிர்காலத்தில் மட்டும் வரும் புதுவெல்லச் சந்தேஷில் மிருதுவாக இருப்பது அன்றே தின்ன வேண்டியது. ‘கடாபாக்’ என்று கேட்டால் இறுகக் கிளறியதைக் கொடுப்பார்கள், அது ஊர் வந்து சேரும்வரை கெடாது. ரசகுல்லாவை டப்பாவில் அடைத்து வாங்குங்கள், பானையில் வாங்கினால் ஒடிசா தாண்டுவதற்குள் பெட்டியெல்லாம் பாகாகிவிடும்.