ஆற்றுக்கும் இடம் வேண்டும்

இமயத்தில் பிறக்கும் யமுனை, சமவெளியில் இறங்கித் தில்லி மாநகரைக் கடந்து செல்கிறது. கோடையில் ஆறு மெலிந்து ஓடும். இரு கரைகளிலும் பரந்த வெற்றுநிலம் கிடப்பதுபோலத் தோன்றும். உண்மையில் அது வெற்றுநிலம் அன்று. மழைக்காலத்தில் பெருகும் நீர் பரவி நிற்பதற்கு ஆறு தானே அமைத்துக்கொண்ட இடம் அது. அதனை வெள்ளச் சமவெளி என்பர். வட இந்திய உழவர்கள் அதனைக் 'காதர்' என்று அழைக்கின்றனர். வெள்ளம் கொணரும் வண்டல் அந்நிலத்தை வளமாக்குகிறது. அடியில் உள்ள மணல், நீரை உறிஞ்சி நிலத்தடி நீராகச் சேமிக்கிறது. காய்கறி பயிரிட்டுப் பிழைக்கும் குடும்பங்களும் அங்கு உள்ளன.

மக்கள்தொகை பெருகும் நகருக்கு வீடுகள் வேண்டும். கடைகளும் அலுவலகங்களும் வேண்டும். இவை மூன்றும் ஒருங்கே அமைந்த இடத்தைக் கலப்புப் பயன்பாட்டு வளாகம் என்பர். ஆற்றங்கரையில் அத்தகைய வளாகம் எழுந்தால் பலருக்கு இருப்பிடமும் வேலையும் கிடைக்கும். அத்தேவை பொய்யன்று. ஆற்றின் தேவையும் பொய்யன்று. இரண்டையும் சீர்தூக்கிப் பார்ப்பதற்காகவே திட்ட ஆய்வு என்னும் முறை ஏற்பட்டது.

தில்லியில் எந்த நிலம் எதற்குப் பயன்பட வேண்டும் என்பதை முழுமைத் திட்டம் வரையறுக்கிறது. தில்லி வளர்ச்சிச் சட்டம், 1957 இதற்கு வழிவகுத்தது. தில்லி வளர்ச்சிக் குழுமம் முதலில் ஒரு வரைவை வெளியிட வேண்டும். அதன்மீது மக்களின் ஆட்சேபங்களையும் ஆலோசனைகளையும் அறிவிப்பின் வாயிலாகக் கேட்க வேண்டும். அவற்றை ஆராய்ந்த பின்னரே வரைவு நடுவண் அரசின் ஒப்புதலுக்குச் செல்லும். 2041ஆம் ஆண்டுக்கான வரைவு 2021 ஜூன் மாதத்தில் வெளியானபோது, ஏறத்தாழ 33,000 ஆட்சேபங்களும் ஆலோசனைகளும் வந்தன. கருத்துக் கூறுவதற்குப் பட்டமோ பதவியோ தேவையில்லை. காரணமும் காலமும் மட்டுமே தேவை.

காலம் ஏன் முதன்மையானது என்பதை ஒரு வழக்கு காட்டுகிறது. 2010இல் நடைபெற்ற காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளுக்காக யமுனையின் கிழக்குக் கரையில் விளையாட்டுக் கிராமம் கட்டப்பட்டது. அதனை எதிர்த்துச் சிலர் வழக்குத் தொடுத்தனர். வல்லுநர் குழு ஆராய வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2008இல் கூறியது. ஆனால், அவ்விடம் ஆற்றுப்படுகையும் அன்று, வெள்ளச் சமவெளியும் அன்று என்று உச்ச நீதிமன்றம் 2009 ஜூலையில் முடிவு செய்தது. வழக்குத் தொடுத்தவர்கள் காலந்தாழ்த்தி வந்ததையும் அந்நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. கட்டடம் எழுந்த பின்னர்க் கேட்கும் கேள்வி வலுவிழந்துவிடுகிறது.

காரணத்தின் வலிமையை மற்றொரு வழக்கு காட்டுகிறது. இந்திய வனப்பணியிலிருந்து ஓய்வு பெற்ற மனோஜ் மிஸ்ரா, யமுனைக் கரையில் கட்டட இடிபாடுகள் கொட்டப்படுவதை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை 2012இல் அணுகினார். 2015 ஜனவரி 13 அன்று தீர்ப்பு வந்தது. 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளம் எதுவரை பரவுமோ, அதுவரை ஆற்றின் இடம் என்று தீர்ப்பாயம் கொண்டது. அவ்வெல்லைக்குள் புதிய கட்டுமானங்களைத் தடை செய்தது. இடிபாடுகளைக் கொட்டுவோர்க்கு 50,000 ரூபாய் தண்டம் விதித்தது. குப்பையைப் பற்றி எழுந்த கேள்வி, ஆற்றின் எல்லையைப் பற்றிய விடையைப் பெற்றுத் தந்தது.

2023 ஜூலை 13 அன்று பழைய இரயில் பாலத்தருகே யமுனையின் நீர்மட்டம் 208.66 மீட்டரை எட்டியது. அபாய அளவு 205.33 மீட்டர். 1978ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தின் அளவாகிய 207.49 மீட்டரையும் அது விஞ்சியது. செங்கோட்டையின் மதிலருகே நீர் சூழ்ந்தது. கரையோரக் குடும்பங்கள் சாலையோரக் கூடாரங்களில் தங்கின. மூன்று நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் சில நாள் மூடப்பட்டதால், வெள்ளத்தின் நடுவே குடிநீருக்குத் தட்டுப்பாடு வந்தது.

ஆறு ஆட்சேபக் கடிதம் எழுதாது. அதன் சார்பில் உரிய காலத்தில், உரிய காரணத்துடன் எழுத வேண்டியவர்கள் கரையில் வாழும் மக்களே.

சொற்பொருள்
வண்டல் – ஆற்றுநீர் கொண்டுவந்து சேர்க்கும் மென்மண்
வரைவு – இறுதி செய்யப்படாத முதல் வடிவம்
ஆட்சேபம் – மறுப்புக் கருத்து
சீர்தூக்குதல் – ஒப்பிட்டு ஆராய்தல்
தண்டம் – அபராதம்

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. வெள்ளச் சமவெளியின் பயன்கள் யாவை?
2. 2015ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஆற்றின் எல்லையை எவ்வாறு வரையறுத்தது?
3. வெள்ளத்தின் நடுவே குடிநீர்த் தட்டுப்பாடு வந்தது ஏன்?

ஆ. பிரித்து எழுதுக.
அந்நிலம், அவ்விடம், காலந்தாழ்த்தி

இ. சிந்தித்து எழுதுக.
உங்கள் நகரின் ஆற்றங்கரையில் வீடுகள், கடைகள், அலுவலகங்கள் கொண்ட வளாகம் ஒன்றைக் கட்டுவதற்கான வரைவு வெளியாகியுள்ளது எனக் கொள்க. வெள்ளநீர் எங்குச் செல்லும், அங்குப் பிழைப்போர் எங்குச் செல்வர், வளாகத்தால் யார் பயன்பெறுவர் என்னும் மூன்று கேள்விகளையும் ஆராய்ந்து, திட்ட அலுவலருக்கு ஒரு பக்க அளவில் கடிதம் எழுதுக. திட்டத்தை ஆதரித்தும் எழுதலாம், மறுத்தும் எழுதலாம். ஒவ்வொரு கருத்துக்கும் காரணம் கூறுக.